சோதிக்கும் இடத்தில் நம் பிள்ளைகள் எங்கே?

 

சென்ற மாதம் திண்டிவனத்தில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது திருவக்கரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பி சலாம் சொல்லிக் கையைப் பிடித்துக் கொண்டான். பி.காம். படித்தவன். கல்குவாரி எடைமேடையில் லாரிக்கு ரசீது போடும் வேலை. "ஹஜ்ரத், ஏர்போர்ட்ல ஸ்கிரீனர் வேலைக்கு விண்ணப்பம் போடலாம்னு இருக்கேன். மாமா வேண்டாங்கிறாரு. 'நம்ம ஆளுகள நிக்க வச்சுத் தடவுற எடம் அது. அங்க போயா நீ சம்பளம் வாங்கப் போற'ன்னு கேக்குறாரு. நான் போகலாமா, கூடாதா?" என்றான்.

அந்த மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சவூதிக்குப் போய்வந்தவர். தாடியைப் பார்த்து, பெயரைப் பார்த்து, இன்னொரு முறை பெட்டியைத் திறக்கச் சொன்ன அனுபவம் அவருக்கும் இருக்கும், இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் இருக்கும். ஆனால் அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில், "போ! தயாராகிப் போ!" என்பதுதான். ஏன் அப்படிச் சொன்னேன், போனால் அங்கே என்ன காத்திருக்கிறது என்பதை இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே இந்தத் தலையங்கம்.

முதலில் ஒரு செய்தி. நம் ராமேஸ்வரத்து மண்ணின் மைந்தர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் இந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, 2009 ஏப்ரலில் டெல்லி விமான நிலையத்தில் அமெரிக்க விமான நிறுவனமொன்றின் ஊழியர்களால் சோதனையிடப்பட்டார். சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் பட்டியலில் இருந்தவர் அவர்! செய்தி வெளியே வந்து நாடாளுமன்றம் கொதித்தது. அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011இல் நியூயார்க்கில் விமானத்தில் அமர்ந்த பிறகு அவருடைய மேல்கோட்டையும் காலணியையும் வாங்கிச் சென்று சோதித்தார்கள். இரண்டு முறையும் அவர் கோபித்துக் கொள்ளவில்லை. கோபித்துக் கொண்டதெல்லாம் நாம்தான்.

சகோதரர்களே! சோதனை வேறு, அவமதிப்பு வேறு. பெட்டியைத் திறந்து பார்ப்பது சோதனை. திறக்கச் சொல்லும்போது முகத்தைச் சுளிப்பது அவமதிப்பு. சட்டம் முதலாவதை மட்டும்தான் கேட்கிறது. இரண்டாவது நடப்பதும் நடவாததும் அங்கே நிற்கிற மனிதரின் குணத்தைப் பொறுத்தது. அந்த மனிதர் யார் என்பதுதான் நம் கேள்வி. அந்த இடத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையைப் புரட்டுங்கள். நாட்டின் மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 13.4 விழுக்காடு. பாதுகாப்புப் படைகளில் நம் பங்கு 3.2 விழுக்காடு. இதற்கு அரசின் பாராமுகம் ஒரு காரணம். மறுக்கவில்லை. ஆனால் அந்த மாமா சொன்ன "வேண்டாம்" என்ற சொல்லும் ஒரு காரணம் இல்லையா? சிந்திப்பீர்!

இந்தச் சோதனை எதற்காக வந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 1984 ஆகஸ்ட் 2 அன்று நம் மீனம்பாக்கத்தில், கொழும்புக்குப் போக வேண்டிய பெட்டியில் இருந்த குண்டு வெடித்துச் சுமார் முப்பது உயிர்கள் போயின. பெரும்பாலோர் ஊருக்குத் திரும்ப இருந்த இலங்கைப் பயணிகள். அடுத்த ஆண்டு, 1985 ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் நடுவானில் சிதறி 329 பேர் மாண்டனர். குண்டு இருந்த பெட்டி விமானத்தில் ஏறியது, பெட்டிக்கு உரியவன் ஏறவில்லை. அதற்குப் பிறகுதான், 1987இல், சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவு தனித் துறையாக்கப்பட்டது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து வந்த விமானம் கந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. அதை அடுத்து 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, விமான நிலையங்களின் காவல் மத்திய தொழில் பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப். கைக்கு ஒவ்வொன்றாக மாறியது. மாண்டவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. ஓர் உயிரைக் காத்தவர் மனிதகுலம் முழுவதையும் காத்தவர் போலாவார் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் தரும் படிப்பினை. இந்த வேலை ஹலாலா என்று கேட்பவர்களுக்கு அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

சரி, அங்கே போனால் என்ன எதிர்பார்க்க வேண்டும்?

வாசல்கள் இரண்டு. பயணிகளையும் அவர்கள் கையில் கொண்டுபோகும் பையையும் சோதிப்பது பெரும்பாலான பெரிய நிலையங்களில் சி.ஐ.எஸ்.எஃப். வேலை. விமானத்தின் வயிற்றுக்குள் போகும் பெட்டிகளையும் சரக்குகளையும் சோதிப்பது விமான நிறுவனங்கள், நிலைய நிர்வாகங்கள், சரக்கு நிறுவனங்கள் ஆகியவற்றின் ஸ்கிரீனர்கள்.

முதல் வாசலுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எஸ்.எஸ்.சி. நடத்தும் கான்ஸ்டபிள் ஜி.டி. தேர்வு எழுத வேண்டும். வயது 18 முதல் 23. ஓ.பி.சி. பிரிவினருக்கு மூன்றாண்டு தளர்வு. ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர் உயரம், ஐந்து கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓட வேண்டும். ஒன்று தெரிந்து கொள்ளுங்கள், நம் மாநிலத்தின் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு மத்திய வேலைகளுக்குச் செல்லாது. மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் உங்கள் பிரிவு இருக்கிறதா என்று பார்த்து, அதற்குரிய தனிச் சான்றிதழைத் தாலுகா அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கடைசி நாளில் ஓடி ஏமாந்தவர்கள் நம்மில் ஏராளம்.

முன்பெல்லாம் இந்தத் தேர்வு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான். 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், "எனக்கு இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள்" என்ற கனிமொழி எம்.பி.யிடம் "நீங்கள் இந்தியரா?" என்று ஒரு காவலர் கேட்டதாக எழுந்த சர்ச்சை நினைவிருக்கும். ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கே அப்படியென்றால், முதன்முறையாக ஹஜ்ஜுக்குப் போகும் நம் கிராமத்துப் பாட்டிக்கு? 2024 ஜனவரி முதல் அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். நம் பிள்ளைகளுக்கு இனி என்ன சாக்கு இருக்கிறது? வேலை கிடைத்தால் நாட்டின் எந்த மூலைக்கும் போகத் தயாராக இருங்கள். சி.ஐ.எஸ்.எஃப். என்றால் விமான நிலையம் மட்டுமல்ல, துறைமுகமும் அனல்மின் நிலையமும் அணுமின் நிலையமும்தான். முதல் நாளே மீனம்பாக்கத்தில் நிற்கலாம் என்று கனவு காணாதீர்கள்.

இரண்டாம் வாசலுக்குப் பட்டம் வேண்டும். விமான நிலைய ஆணையத்தின் துணை நிறுவனமான ஏ.ஏ.ஐ. கார்கோ நிறுவனம் அண்மை ஆண்டுகளில் வெளியிட்ட ஸ்கிரீனர் அறிவிப்புகளில், பொதுப்பிரிவினர் 60 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும், வயது 27க்கு மிகக் கூடாது, மூன்றாண்டு ஒப்பந்தம், பயிற்சி முடிந்து முதலாண்டில் மாதம் 30 ஆயிரம் ரூபாய் என்றிருந்தது. ஒப்பந்தம் என்பதை மறவாதீர்கள். மூன்றாண்டுக்குப் பிறகு என்ன என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்தக் காலத்தை அனுபவமாக்கி அடுத்த படிக்குத் தாவ வேண்டியது உங்கள் பொறுப்பு. "ஏர்போர்ட்டில் ஆள் இருக்கிறார், இரண்டு லட்சம் கொடு" என்று வருகிற ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பணமும் போகும், லஞ்சம் கொடுத்த பாவமும் சேரும்.

வேலைக்குள் நுழைந்துவிட்டீர்கள். இனி திரையைப் பார்ப்போம். எக்ஸ்ரே திரையில் பெட்டிக்குள் இருப்பவை வண்ணங்களாகத் தெரியும். இரும்பு போன்ற உலோகங்கள் நீலம். உணவு, சோப்பு, துணி, காகிதம் போன்றவை ஆரஞ்சு. நடுத்தரமானவை பச்சை. இங்கேதான் சோதனை! அல்வாவும் ஆரஞ்சு, பேரீச்சம்பழப் பொட்டலமும் ஆரஞ்சு, வெடிமருந்தும் ஆரஞ்சு. வடிவத்தையும் அடர்த்தியையும் பக்கத்தில் ஒயர் இருக்கிறதா என்பதையும் சில நொடிகளில் கவனித்து முடிவெடுக்க வேண்டும். கண் களைத்துப் போகும் என்பதால் தொடர்ந்து இருபது நிமிடம் அளவுக்குத்தான் திரைமுன் உட்கார வைப்பார்கள். பிறகு பையைத் திறந்து பார்ப்பது, ஆட்களைச் சோதிப்பது, தட்டுகளை ஒழுங்குபடுத்துவது என்று மாறி மாறி வேலை. எட்டு மணி நேரமும் நின்ற கால் வலிக்கும். பெற்ற சான்றிதழும் நிரந்தரமல்ல. குறித்த காலத்துக்கு ஒருமுறை மீண்டும் தேர்வெழுதித் தேற வேண்டும்.

இன்னொரு விஷயம். அந்த இயந்திரமே அவ்வப்போது ஒரு பயணியின் பைக்குள் துப்பாக்கி இருப்பது போல் பொய்ப்படம் ஒன்றைக் காட்டும். நீங்கள் பட்டனை அழுத்தினால் "இது சோதனைக்காக" என்று சொல்லிவிடும். தவறவிட்டால் உங்கள் கணக்கில் பதிவாகிவிடும். எந்தப் படம் பொய், எந்தப் படம் மெய் என்று உங்களுக்குத் தெரியாது. வலத்திலும் இடத்திலும் எழுதிக் கொண்டிருக்கும் இரு வானவர்களை நம்புகிற ஒருவனுக்கு இது புதிதா என்ன? எவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒரே மாதிரி வேலை செய்யப் பழகியவன்தானே முஸ்லிம்!

வெடிமருந்தின் துகளை மோப்பம் பிடிக்கும் கருவியும் உண்டு. பையைத் துடைத்த துணியை அதில் வைப்பார்கள். அது சத்தமிட்டால் உடனே அவன் குற்றவாளி என்று அர்த்தமில்லை. திருவக்கரைக் குவாரியில் வெடி வைக்கும் தொழிலாளியின் பை, வானூரில் வயலுக்கு உரம் வீசிய விவசாயியின் பை, நெஞ்சுவலி மாத்திரை வைத்திருக்கும் பெரியவரின் பை ஆகியவற்றிலும் அது சத்தமிடலாம். ஊரை அறிந்த ஒருவன் அங்கே இருந்தால், விதிப்படி முழுதாகச் சோதித்துவிட்டு, அந்தத் தொழிலாளியை மரியாதையோடு அனுப்பி வைப்பான். திருவக்கரையில் கிடக்கும் கல்மரத்தைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு மரம், தொட்டால் கல். பார்வையை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். தாடியைப் பார்த்துச் சந்தேகிப்பவனும் ஏமாறுவான், தாடியைப் பார்த்து விட்டுவிடுபவனும் ஏமாறுவான்.

அந்தக் கடைசி வரியை மீண்டும் படியுங்கள், தம்பிகளே! ஏனென்றால் உங்களுக்கு வரப்போகும் மிகப் பெரிய சோதனை அதுதான். ஒருநாள் ஊர்க்காரர் ஒருவர் வரிசையில் வருவார். "மாமாதான் தம்பி, கண்டுக்காம விடு" என்பார். பையில் இருப்பது வெறும் கத்தரிக்கோலாக இருக்கலாம், பேஸ்ட்டாக்கிய தங்கமாகவும் இருக்கலாம், அவருக்கே தெரியாமல் யாரோ கொடுத்தனுப்பிய போதைப்பொருளாகவும் இருக்கலாம். பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராகவே ஆனாலும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஊரில் நாலு பேர் உங்களைத் திட்டுவார்கள். திட்டட்டும்! ஓர் அமானிதம் உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் ஒருமுறை கண்ணை மூடினால், அடுத்து விண்ணப்பிக்கும் நூறு முஸ்லிம் பிள்ளைகளின் வாசலை மூடிவிட்டீர்கள் என்று பொருள்.

தொழுகையைப் பற்றிக் கேட்பீர்கள். ஷிப்ட் வேலை. சில வாரம் இரவுப் பணி, சில வெள்ளிக்கிழமை பகல் பணி. வேலையில் சேர்ந்த உடனே மேலதிகாரியிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள். உடன் பணிபுரியும் இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களிடம் பேசுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் நீங்கள் பணியை ஏற்றுக் கொள்ளுங்கள், பெருநாள் அன்று அவர்கள் உங்களுக்காக நிற்பார்கள். சண்டை போட்டுப் பெறுவதைவிட நேசத்தால் பெறுவது அதிகம். அல்லாஹ்வின் அச்சத்தால் அழுத கண்ணையும், அவன் பாதையில் காவல் காத்து விழித்த கண்ணையும் நரகம் தீண்டாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி திர்மிதியில் வருகிறது. அது போர்க்களக் காவலைப் பற்றியது என்பதை அறிவேன். ஆனாலும் பிறர் உயிரைக் காக்க நல்ல நிய்யத்தோடு இரவில் விழித்திருக்கும் கண்ணுக்கும் அல்லாஹ் கூலி தராமல் விடமாட்டான் என்று நம்புகிறேன்.

தாடி விஷயத்தில் உணர்ச்சிவசப்படாமல் சட்டத்தை அறிந்து கொள்ளுங்கள். 2016 டிசம்பரில் விமானப்படை வழக்கில், படையின் விதிக்கு மாறாகத் தாடி வைக்க உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலையிலோ, மக்கா சென்று தாடியோடு திரும்பிய மதுரைக் காவலர் ஒருவருக்கு அளித்த தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. முஸ்லிம் காவலர்கள் தாடி வைக்க 1957ஆம் ஆண்டு மெட்ராஸ் போலீஸ் கெஜட் அனுமதிப்பதை நீதிபதி சுட்டிக் காட்டினார். ஆனால் இது தமிழகக் காவல்துறைக்கான விதி. மத்தியப் படைக்கு அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். சேர்ந்த பின் மல்லுக்கு நிற்பதைவிட, சேரும் முன் விதியைப் படித்து, ஆலிம்களிடம் கேட்டு, தெளிவான முடிவோடு போவதே நல்லது. நம் பெண் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். பெண் பயணிகளைத் திரை மறைவில் பெண்களே சோதிக்க வேண்டும் என்பது விதி. புர்கா அணிந்து வரும் நம் தாய்மார்களுக்கு அங்கே ஒரு முஸ்லிம் சகோதரி இருந்தால் எவ்வளவு ஆறுதல்! சீருடை விதியைக் கேட்டறிந்து, மனசாட்சியோடு முடிவெடுங்கள்.

இப்போது எங்களைப் பற்றியே ஒரு வார்த்தை. கசப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும். இந்த வேலைக்குக் காவல்துறைச் சான்று கட்டாயம். காவல் நிலையத்தில் ஒரு வழக்கு இருந்தால் விமான நிலைய அனுமதி அட்டை தடைபடும். மறியலுக்கும் ஆர்ப்பாட்டத்துக்கும் இளைஞர்களை அழைக்கிற எங்களைப் போன்றவர்கள் இதை அவர்களிடம் சொல்லியிருக்கிறோமா? மேடையில் முழங்கிவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போகிறோம். எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறிய பையன் ஐந்தாண்டு கழித்துத் தனியாக நிற்கிறான். உரிமைக்குப் போராடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அனுமதி பெற்று, அமைதியாக, சட்டத்துக்கு உட்பட்டுப் போராடுவோம். மீறி வழக்கு விழுந்தால் அதை முடித்து வைக்கும் கடமையை ஜமாஅத்தும் இயக்கமும் ஏற்க வேண்டும். ஏற்கெனவே வழக்கு உள்ள தம்பிகள் விண்ணப்பத்தில் அதை மறைக்காதீர்கள். மறைப்பதே வேலை பறிபோகக் காரணமாகலாம் என்பதையும், உண்மையைச் சொன்னவர் விஷயத்தை நிர்வாகம் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்பதையும் உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் தெளிவாக்கியிருக்கிறது.

வணிகப் பெருமக்களே! உங்களிடம் இரண்டு கோரிக்கைகள். ஒன்று, வேலையில்லாத பிள்ளைகளிடம் டிக்கெட்டைக் கொடுத்துக் "குருவி"யாக அனுப்பும் பழக்கத்தை விட்டொழியுங்கள். உங்களுக்கு மிஞ்சுவது சில ஆயிரம். பிடிபட்டால் அவனுக்குச் சுங்கச் சட்டப்படி ஏழாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. அதோடு அவனுடைய தம்பிக்கும் அந்த வாசல் அடைபடும். இரண்டாவது, அந்தக் காசை நேரான வழியில் செலவிடுங்கள். திண்டிவனம், விழுப்புரம், மயிலம் வட்டாரத்தில் பட்டம் படித்துவிட்டுக் கல்லாவிலும் எடைமேடையிலும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு ஜமாஅத்தும் பட்டியல் எடுக்கட்டும். பள்ளிவாசல் மாடியில் ஓர் அறை, நாலு பழைய வினாத்தாள், கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர ஓர் ஆசிரியர், காலையில் ஓடப் பழக ஒரு மைதானம், இவ்வளவுதான் தேவை. பைத்துல்மாலில் இதற்கு இடம் இல்லையென்றால் வேறு எதற்கு இடம்?

அந்தத் தம்பி விண்ணப்பம் போட்டுவிட்டான் என்று நேற்று தகவல் வந்தது. வேலை கிடைக்குமா, கிடைக்காதா என்பது அல்லாஹ்வின் நாட்டம். மாமா இன்னும் சமாதானமாகவில்லையாம். இன்ஷா அல்லாஹ், ஒருநாள் அவர் ஊருக்குத் திரும்பும்போது, தட்டை நீட்டும் கை நம் பிள்ளையின் கையாக இருக்கட்டும். அவரது பெட்டியையும் அவன் திறந்தே பார்க்கட்டும். பார்த்து முடித்து, "போய்ட்டு வாங்க மாமா" என்று சொல்லட்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஸ்கையும், அமானிதம் காக்கும் உறுதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.